புயல் ஓய்ந்த இரவில் காட் மீன் வேட்டை: தூண்டில் ரெடி, கடலும் ரெடி... மீன் எங்கே?

டிசம்பர் மாதம். மாலை 4 மணிக்கெல்லாம் இருட்டிவிட்டது. இரண்டு நாளாக அடித்துக்கொண்டிருந்த வடக்குக் காற்று அன்று காலையில்தான் தணிந்திருக்கிறது. இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையோர ஊர்களில் சிலர், வேலை முடிந்ததும் நேராக வீட்டுக்குப் போகாமல் கடற்கரைப் பக்கம் வண்டியைத் திருப்புகிறார்கள். டிக்கியில் 12 அடி நீளத் தூண்டில் கம்பு, ஒரு வாளி, ஃபிளாஸ்க்கில் டீ, நெற்றியில் மாட்டும் டார்ச் லைட். காகிதத்தில் சுற்றிய புழுக்களும் உண்டு.

எல்லாம் எதற்கு? ஒரே ஒரு மீனுக்காக. அதன் பெயர் காட்.

படகு வேண்டாம், வலை வேண்டாம். கரையில் நின்று தூண்டிலை வீசிவிட்டுக் காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். கேட்க சிம்பிளாகத்தான் இருக்கிறது. ஆனால் காற்று, அலை, ஓதம், இருட்டு, இரை என ஐந்தும் ஒன்றுசேர்ந்தால்தான் வேலை நடக்கும். இப்போதெல்லாம் அந்த ஐந்தும் கச்சிதமாக அமைந்த இரவிலும் பலர் வெறும் வாளியோடுதான் வீடு திரும்புகிறார்கள். அது ஏன்?

எந்த இடம் இது?

யார்க்‌ஷயரில், விட்பி நகரத்துக்கு வடமேற்கே சுமார் 15 கி.மீ. தூரத்தில் இருக்கிறது ரன்ஸ்விக் பே. பிறை வடிவில் உள்வாங்கிய சின்ன விரிகுடா. ஒரு முனையில், செங்குத்தான பாறைச் சரிவில் ஒட்டிக்கொண்டிருக்கும் சிவப்பு ஓட்டு வீடுகள். மறுமுனையில் கெட்டில்னஸ் என்ற முனை. நடுவே மணல். இரு ஓரங்களிலும், கடல் வற்றும்போது மட்டும் தலைகாட்டும் தட்டைப் பாறைகள்.

பின்னால் இருக்கும் உயரமான சரிவு, மேற்கிலிருந்தும் தெற்கிலிருந்தும் வரும் காற்றைத் தடுத்துவிடுகிறது. அதனால்தான் இதைப் பாதுகாப்பான விரிகுடா என்கிறார்கள். ஆனால் வாய் திறந்திருப்பது வடகிழக்கு நோக்கி. வட கடலிலிருந்து வரும் அலை நேராக உள்ளே நுழையும். காட் பிடிப்பவர்களுக்கு இந்த இரண்டுமே தேவை: அலை உள்ளே வர வேண்டும், ஆனால் நிற்கிற ஆளைக் காற்று தள்ளக் கூடாது.

இந்த மண்ணும் அத்தனை உறுதியானதல்ல. 1682ல் ஏற்பட்ட நிலச்சரிவில் பழைய ரன்ஸ்விக் கிராமம் ஏறக்குறைய முழுதாகக் கடலோடு போனது. 1829ல் கெட்டில்னஸ் கிராமத்துக்கும் அதே கதி. இன்றைக்கும் பாறைச் சரிவின் அடியில் உட்கார வேண்டாம் என்று உள்ளூர்க்காரர்கள் எச்சரிப்பது சும்மா இல்லை.

காட் என்றால் நம்ம ஊர் களவாவா?

இல்லை. தமிழ்நாட்டு ஏற்றுமதி வியாபாரத்தில் களவா மீனை ‘ரீஃப் காட்’ என்று சொல்வதுண்டு. பெயரில் மட்டும்தான் காட். களவா வெப்பக் கடலின் பாறை மீன். உண்மையான அட்லாண்டிக் காட் குளிர்ந்த கடலில் மட்டுமே வாழ்வது. இரண்டும் வேறு வேறு குடும்பம்.

அடையாளம் எளிது. பச்சையும் பழுப்புமான உடலில் புள்ளிகள், பக்கவாட்டில் ஓடும் வெளிறிய கோடு, பெரிய வாய், கீழ்த்தாடையில் தொங்கும் ஒற்றைத் தாடி. அந்தத் தாடிதான் அதன் துருப்புச் சீட்டு. கலங்கிய தண்ணீரில் கண் தெரியாவிட்டாலும், தரையில் தாடியால் தடவித் தடவியே இரையைக் கண்டுபிடித்துவிடும்.

காட் மீனை நேரில் பார்க்காத தமிழர்களுக்கும் அதன் ஒரு பகுதி நல்ல பழக்கம். சின்ன வயதில் அம்மா கையில் வைத்துக்கொண்டு துரத்திய மஞ்சள் நிற மீன் எண்ணெய் மாத்திரை ஞாபகம் இருக்கிறதா? ‘காட் லிவர் ஆயில்’ என்பது இந்த மீனின் ஈரலிலிருந்து எடுக்கும் எண்ணெய்தான். வைட்டமின் ஏ, டி இரண்டும் அதில் அதிகம்.

காட் 1.5 மீட்டருக்கு மேலும் வளரக்கூடியது. பிரிட்டனில் கரையிலிருந்து பிடிபட்டதில் சாதனை மீன், 1966ல் வேல்ஸின் பாரி அருகே கிடைத்தது. எடை 44 பவுண்டு 8 அவுன்ஸ், அதாவது சுமார் 20 கிலோ. அரை நூற்றாண்டு தாண்டியும் அந்தச் சாதனை அப்படியே நிற்கிறது. இன்று கரையில் கிடைப்பவை பெரும்பாலும் ‘காட்லிங்’ எனப்படும் குட்டிகள். ஏறக்குறைய 6 பவுண்டு, அதாவது 2.7 கிலோ தாண்டினால்தான் தூண்டில்காரர்கள் அதை மரியாதையாகக் ‘காட்’ என்றே அழைப்பார்கள்.

குளிர்காலத்தில் ஏன் கரைக்கு வருகிறது?

மனிதர்கள் வீட்டுக்குள் ஓடி ஒளியும் நேரத்தில் இந்த மீன் மட்டும் ஏன் கரைக்கு வருகிறது? காரணம் தண்ணீரின் சூடு. கோடையில் கரையோர ஆழமற்ற தண்ணீர் சீக்கிரம் சூடாகிவிடும். காட்டுக்கு அது ஒத்துவராது என்பதால் ஆழமான, குளிர்ந்த பகுதிக்கு ஒதுங்கிவிடும். அக்டோபர் வாக்கில் கரைத் தண்ணீர் குளிர ஆரம்பித்ததும் உணவு தேடி உள்ளே வரும். அக்டோபர் முதல் பிப்ரவரி வரைதான் சீசன் என்பது பழைய கணக்கு.

அதற்குள்ளும் ஒரு பிரிவு உண்டு. வட கடலில் காட் முட்டையிடுவது பெரும்பாலும் ஜனவரி முதல் ஏப்ரல் வரை. வளர்ந்த பெரிய மீன்கள் அதற்காக வெளிக்கடலுக்குப் போய்விடும். இன்னும் பருவத்துக்கு வராத குட்டிகள் கரையோரமே சுற்றிக்கொண்டிருக்கும். ஆகவே பெரிய மீனுக்கு வாய்ப்பு அதிகம் நவம்பர், டிசம்பரில். அதற்குப் பிறகு கிடைப்பவை அநேகமாகக் குட்டிகள்.

புயல் ஓய்ந்த பிறகு ஏன்?

பலமான அலை இரண்டு நாள் அடித்தால் கடலடி மணல் புரண்டுவிடும். மணலுக்குள் புதைந்திருந்த புழுக்கள், சிப்பிகள், பாறை இடுக்கு நண்டுகள் எல்லாம் வெளியே வந்து விழும். காட்டுக்கு அது கல்யாண விருந்து. தண்ணீர் கலங்கியிருப்பதால் அது பயமில்லாமல் இடுப்பளவு தண்ணீர் வரைகூட வந்து மேயும்.

புயல் உச்சத்தில் இருக்கும்போது தூண்டில் போடவே முடியாது. பிடுங்கி வந்த கடற்பாசி நரம்பில் சுற்றிக்கொள்ளும், ஈயக்குண்டு ஓரிடத்தில் நிற்காது. அதனால் அனுபவசாலிகள் எதிர்பார்ப்பது புயலை அல்ல, புயல் தணியும் முதல் இரவை. அலை இறங்கியிருக்க வேண்டும், ஆனால் தண்ணீர் இன்னும் தேநீர் நிறத்தில் இருக்க வேண்டும்.

அடுத்தது ஓதம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் கடல் அதிகம் ஏறி, அதிகம் வற்றும். நீரோட்டம் பலமாக இருப்பதால் இரையின் வாசம் தூரம் வரை போகும். பொதுவாக, கடல் உச்சத்துக்கு ஏறும் நேரத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னும் இரண்டு மணி நேரம் பின்னும் நல்ல நேரம். அது இருட்டிலும் அமைந்துவிட்டால் இன்னும் நல்லது. டிசம்பரில் இங்கே மாலை 4 மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடுவதால், பகல் முழுக்க ஆபீஸில் இருந்தவர்களுக்கும் இரவு மிச்சமிருக்கும்.

தூண்டிலில் என்னென்ன?

இரைதான் முதல் விஷயம். கடல் வற்றும்போது மணலில் சுருள் சுருளாகக் குவிந்திருக்கும் சின்ன மண் குவியல்களுக்குக் கீழே ‘லக்வோர்ம்’ என்ற கடல் புழு இருக்கும். மண்வெட்டியால் தோண்டி எடுப்பார்கள். அடுத்தது, ஓடு கழற்றப்போகும் நண்டு. பழைய ஓட்டை உரித்துவிட்டு உள்ளே இருக்கும் மென்மையான நண்டை முள்ளில் கட்டினால் அதன் வாசத்துக்குக் காட் விழுந்தடித்து வரும். புழுவோடு ஒரு துண்டு கணவாயைச் சேர்த்துக் கட்டுவதும் உண்டு. அதற்குத் தூண்டில்காரர்கள் வைத்த பெயர் ‘காக்டெய்ல்’.

காட்டின் வாய் பெரியது. முள்ளும் பெரிதாக, இரையும் கொழுத்ததாக இருக்க வேண்டும். பெரிய முள்ளுக்கு இன்னொரு நன்மை: ரொம்பச் சின்ன மீன்கள் அதை முழுதாக விழுங்குவது குறையும்.

ஈயக்குண்டு 5 அல்லது 6 அவுன்ஸ், அதாவது 140 முதல் 170 கிராம். அதில் நங்கூரம் போல நான்கு கம்பிகள் நீட்டிக்கொண்டிருக்கும். அலையிலும் இரை நகராமல் மணலைப் பிடித்துக்கொள்வது அவைதான். இவ்வளவு கனத்தை வேகமாக வீசும்போது நரம்பு அறுந்தால் ஈயக்குண்டு தோட்டா மாதிரி பறக்கும். பக்கத்தில் நிற்பவரின் உயிருக்கே ஆபத்து. அதனால் நரம்பின் முன்பகுதியில் தடிமனான நரம்பைச் சேர்த்துக் கட்டுவது கட்டாயம். கணக்கு சுலபம்: ஒரு அவுன்ஸ் ஈயத்துக்கு 10 பவுண்டு தாங்கும் நரம்பு. 6 அவுன்ஸ் என்றால் 60 பவுண்டு.

பாறைப் பகுதியில் இன்னொரு தந்திரம். ஈயக்குண்டை மட்டும் மெல்லிய, சீக்கிரம் அறுந்துவிடும் நரம்பில் கட்டுவார்கள். குண்டு பாறை இடுக்கில் சிக்கினால் அது மட்டும் அறுந்துபோகும், மீன் கைக்கு வந்துவிடும். ஆனால் ஒவ்வொரு முறையும் ஓர் ஈயத் துண்டு கடலடியில் தங்கிவிடுகிறது என்பதையும் மறந்துவிடக் கூடாது.

கடித்தது எப்படித் தெரியும்?

கம்பை முக்காலியில் சாய்த்து வைத்துவிட்டு, நுனியில் ஒட்டிய ஒளிரும் பட்டையையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். சின்ன மீன் என்றால் நுனி படபடவென்று துடிக்கும். காட் அப்படி இல்லை. இரண்டு முறை மெதுவாக, கனமாகத் தலையாட்டும். சில நேரம் நுனி வளைவதற்குப் பதிலாக, இறுக்கமாக இருந்த நரம்பு திடீரென்று தொய்ந்துவிடும். இரையைக் கவ்விய மீன் ஈயக்குண்டையும் பிடுங்கிக்கொண்டு கரையை நோக்கி வருகிறது என்று அர்த்தம். பக்கத்துக் கம்புக்காரர் ஓடிவந்து, “என்னப்பா, மாட்டிக்கிச்சா?” என்று கேட்கும் தருணம் அதுதான்.

இழுத்து வருவதில் பெரிய சண்டை இருக்காது. காட் வேகமாக ஓடும் மீன் அல்ல. மூட்டை மாதிரி கனத்துக்கொண்டு வரும். கடைசி அலையில் ஏற்றிக் கரைக்குக் கொண்டுவர வேண்டும். அவசரப்பட்டால் அங்கேதான் பலர் கோட்டை விடுவார்கள்.

ஒரு மீனுக்காக உயிரைக் கொடுக்க முடியுமா?

இந்தப் பொழுதுபோக்கில் உண்மையான ஆபத்துகள் இருக்கின்றன. ஒன்று, கடல் ஏறும்போது முனைகளின் அடியில் இருப்பவர் திரும்பும் வழி மூடிவிடும். பின்னால் செங்குத்துச் சரிவு, முன்னால் தண்ணீர். இரண்டு, ஓய்ந்துவிட்டது போலத் தெரியும் கடலிலிருந்தும் திடீரென்று ஒரு பெரிய அலை வந்து பாறையில் நிற்பவரை இழுத்துப்போகலாம். மூன்று, தண்ணீரின் குளிர். பிப்ரவரியில் இங்கே கடல் சுமார் 6 டிகிரிதான். அதில் விழுந்தவுடன் மூச்சு முட்டி, தன்னையறியாமல் தண்ணீரை உள்ளிழுத்துவிடும் அபாயம் உண்டு. நீச்சல் தெரிந்தவருக்கும் இது பொருந்தும்.

அதனால் அடிப்படை விதிகள்:

- தனியாகப் போகக் கூடாது. எங்கே போகிறோம், எப்போது திரும்புவோம் என்று வீட்டில் சொல்லிவிட வேண்டும்.
- ஓத அட்டவணையைப் பார்க்காமல் முனையைச் சுற்றிப் போகக் கூடாது.
- பாறையில் நின்றால் உயிர்காப்பு ஜாக்கெட் கட்டாயம்.
- ஆபத்து என்றால் 999ஐ அழைத்து, கடலோரக் காவல் படையைக் கேட்க வேண்டும்.

கடலின் குணம் இந்த ஊருக்கு நன்றாகவே தெரியும். 1901ல் ரன்ஸ்விக் படகுகள் கடலில் இருந்தபோது புயல் வந்தது. ஆண்கள் பெரும்பாலும் கடலில் மாட்டிக்கொண்டதால், உயிர்காப்புப் படகைத் தண்ணீருக்குள் தள்ளி இறக்கியது ஊர்ப் பெண்கள்தான்.

சரி, மீன் எங்கே போச்சு?

இதற்கு ஒரே வரியில் பதில் இல்லை. ஆனால் முக்கியமான காரணங்கள் இரண்டு: பல பத்தாண்டுகளாக அளவுக்கு மீறிப் பிடித்தது, கடல் சூடாவது.

1960களிலிருந்து 80கள் வரை வட கடலில் காட் கொழித்தது. பிடிப்பும் அதற்கேற்ப ஏறியது. பிறகு மீன்வளம் சரிந்து, 2000களின் நடுவில் அடிமட்டத்தைத் தொட்டது. கட்டுப்பாடுகள் வந்தன, கொஞ்சம் தேறியது. 2017ல் வட கடல் காட்டுக்கு, ‘நிலைத்த மீன்பிடிப்பில் கிடைத்தது’ என்று எம்எஸ்சி அமைப்பின் நீல முத்திரைகூடக் கிடைத்தது. இரண்டே வருடம்தான். எண்ணிக்கை மறுபடியும் இறங்கியதால் 2019ல் அந்த முத்திரை நிறுத்திவைக்கப்பட்டது.

சூட்டின் பங்கு கொஞ்சம் மறைமுகமானது. காட் குஞ்சுகள் முட்டையிலிருந்து வெளிவந்ததும் தின்பது கண்ணுக்குத் தெரியாத அளவிலான மிதவை உயிரிகளை. குளிர்ந்த நீரில் வாழும் ஒரு கொழுத்த வகை அவற்றுக்குச் சரியான நேரத்தில் கிடைத்துவந்தது. வட கடல் சூடாக ஆக அந்த வகை வடக்கே நகர்ந்துவிட்டது. அந்த இடத்துக்கு வந்த இன்னொரு வகை, வருடத்தில் தாமதமாகப் பெருகுகிறது. குஞ்சு பசியோடு இருக்கும்போது சாப்பாடு இல்லை, சாப்பாடு வரும்போது குஞ்சு இல்லை. ஒரு தாய் மீன் லட்சக்கணக்கில் முட்டையிட்டும் கூட்டம் பெருகாததற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இன்னொரு விஷயம். பிரிட்டனைச் சுற்றியுள்ள வடக்குக் கடல்களில் இருப்பது ஒரே காட் கூட்டம் அல்ல, மூன்று உட்கூட்டங்கள் என்று இப்போது விஞ்ஞானிகள் பிரித்துப் பார்க்கிறார்கள். யார்க்‌ஷயர் கரையை ஒட்டியது தெற்குக் கூட்டம். மூன்றில் நிலைமை மிக மோசமாக இருப்பதும் அதுதான். ஆண்டுதோறும் பிடிப்பு அளவைப் பரிந்துரைக்கும் சர்வதேச கடலாய்வு கவுன்சில் 2025ல், 2026ஆம் ஆண்டுக்குச் சொன்ன அளவு பூஜ்யம். அரசுகள் ஒதுக்கீட்டைக் கணிசமாகக் குறைத்தன. ஆனால் பூஜ்யம் ஆக்கவில்லை.

இந்தக் கதையின் கடைசி அத்தியாயத்தைக் கனடா ஏற்கெனவே பார்த்துவிட்டது. நியூஃபவுண்ட்லாந்தில் சுமார் 500 ஆண்டுகள் பிடித்த காட், ஒரு கட்டத்தில் கிட்டத்தட்ட இல்லாமலே போனது. 1992 ஜூலை 2 அன்று அரசு மீன்பிடிப்பை நிறுத்தியது. சுமார் 30,000 பேருக்கு வேலை போனது. முதலில் 2 வருடத் தடை என்றார்கள். அது முடிவுக்கு வந்தது 2024ல்.

தூண்டில்காரர்தான் காரணமா?

கரையில் ஒரு கம்போடு நிற்பவர் ஒரு கடலைக் காலி செய்துவிட முடியாது. பெரும் பங்கு இழுவை வலைகளுடையது. ஆனால் கூட்டம் சுருங்கச் சுருங்க, சின்னக் கையின் கணக்கும் பெரிதாகிவிடும். சில நாடுகள் அதை நேரடியாகவே சொல்லிவிட்டன. நார்வே, ஆஸ்லோ ஃபியோர்டு பகுதியில் 2019 முதல் பொழுதுபோக்குக்காகக் காட் பிடிப்பதைத் தடை செய்தது. மேற்கு பால்டிக் கடலில் 2024 முதல் ஐரோப்பிய ஒன்றியம் அதையே செய்தது.

இங்கிலாந்தில் கரையிலிருந்து கடல் மீன் பிடிக்க லைசென்ஸ் தேவையில்லை. பிடித்ததை விற்க மட்டும் கூடாது. 35 செ.மீ.க்குக் குறைவான காட் என்றால் திரும்ப விட்டுவிட வேண்டும். இங்கேதான் சிக்கல். 35 செ.மீ. மீன் என்பது பெரும்பாலும் இன்னும் ஒரு முறைகூட முட்டையிடாத குட்டி. சட்டப்படி எடுத்துக்கொள்ளலாம். ஆனால் எடுத்துக்கொள்வது சரியா என்பது வேறு கேள்வி.

அதனால் பல தூண்டில்காரர்கள் தங்களுக்கென்று சட்டத்தைவிடக் கடுமையான கோடு போட்டுக்கொள்கிறார்கள். சிலர் 50 செ.மீ.க்குக் கீழே எதையும் எடுப்பதில்லை. சிலர் ஒரு இரவுக்கு ஒரு மீன். சிலர் எல்லாவற்றையும் விட்டுவிடுகிறார்கள். கரையில் பிடிபடும் காட் ஆழமில்லாத தண்ணீரிலிருந்து வருவதால், ஆழ்கடலில் பிடிபடும் மீன் போல அதன் காற்றுப்பை வீங்குவதில்லை. சரியாகக் கையாண்டால் பிழைக்க நல்ல வாய்ப்பு உண்டு:

- கையை நனைத்துக்கொண்டு பிடியுங்கள். காய்ந்த கை அதன் மேல் உள்ள வழுவழுப்பை உரித்துவிடும்.
- செவுளுக்குள் விரல் விடாதீர்கள்.
- முள்ளை ஆழமாக விழுங்கியிருந்தால் பிடுங்காதீர்கள், நரம்பை வெட்டிவிடுங்கள்.
- செல்ஃபி எடுக்க வேண்டுமா? முதலில் போனை ரெடியாக வையுங்கள், பிறகு மீனைத் தூக்குங்கள்.

அப்போ தட்டில் இருக்கும் மீன்?

ரன்ஸ்விக்கிலிருந்து கால் மணி நேரத்துக்குச் சற்று அதிகமாக வண்டி ஓட்டினால் விட்பி. ‘ஃபிஷ் அண்ட் சிப்ஸ்’ கடைகளுக்குப் பேர்போன துறைமுகம். பிரிட்டன் முழுக்க அந்தத் தட்டில் பொரிந்து வரும் காட்டில் பெரும்பகுதி உள்ளூர்க் கடலில் பிடித்தது அல்ல. ஐஸ்லாந்திலிருந்தும் நார்வேக்கு வடக்கே உள்ள பாரென்ட்ஸ் கடலிலிருந்தும் வருவது. அங்கும் நிலைமை இறுகுகிறது. பாரென்ட்ஸ் கடலில் 2025க்கு ஒதுக்கிய அளவு 3,40,000 டன். அந்த நேரத்தில், 1991க்குப் பிறகு அதுதான் மிகக் குறைவாக இருந்தது.

கடைத் தட்டில் மீன் குறைந்தது போலத் தெரியாது. கப்பல் வேறு கடலுக்குப் போய்விடும், விலை மட்டும் ஏறும். கடல் காலியாவதை நேரடியாக உணர்வது கரையில் நிற்கும் தூண்டில்காரர்தான். முப்பது வருடம் முன்பு வாளி நிறையக் கொண்டுபோன அதே பாறை, அதே ஓதம், அதே புழு. மாறியது மீன் மட்டும்தான்.

அதற்காக அவர்கள் வருவதை நிறுத்திவிடவில்லை. அடுத்த வடக்குக் காற்று அடித்து ஓயும்போது, டார்ச் வெளிச்சங்கள் மறுபடியும் ரன்ஸ்விக் மணலில் இறங்கும். இரவு 9 மணி வாக்கில் ஒரு கம்பின் நுனி இரண்டு முறை கனமாகத் தலையாட்டலாம். வருவது 40 செ.மீ. குட்டி என்றால், சட்டம் அதை வீட்டுக்கு எடுத்துப்போக அனுமதிக்கும். ஈரக் கையால் பிடித்து, அளந்து பார்த்து, முழங்கால் தண்ணீரில் இறங்கி அதை அலைக்குள் விடுவதா வேண்டாமா என்பதை அங்கே நிற்பவர்தான் முடிவு செய்ய வேண்டும். அது முட்டையிடும் அளவுக்கு வளர இன்னும் ஓரிரு குளிர்காலங்கள் போதும்.